எந்தப் பங்கு

1951 ஜூலை 29, ஞாயிறு

அமீருதீன் பாய் இன்றும் வரவில்லை. பூசை முடிந்து நேராகத் தண்டையார்பேட்டை போய், நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டு வாசலில் பதினொரு மணி வரை நின்றதுதான் மிச்சம். நான்கு குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ், அதன் கதவு விழுந்து பத்து நாள் ஆகிறது. அத்தனை பேரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தவசிமுத்து மேஸ்திரியைக் கேட்டால் பாய் சொல்லவில்லை என்கிறார். பாயைக் கேட்டால் மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று என்கிறார்.

இரண்டு வருடம் முன்னால் எந்த நேரத்தில் இந்தக் கூட்டுக்குத் தலையாட்டினேனோ. பாயும் நானும் பணம் போடுவது, மேஸ்திரி வேலை போடுவது. இடிந்த வீட்டை வாங்கிச் சரிசெய்து, வாடகைக்கு விட்டு, அதில் அடுத்ததை வாங்குவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1

கதவு போட்டாயிற்று. தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டிருக்கிறார் மேஸ்திரி.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஹார்பர் கேட்டிலேயே பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். மூட்டை எண்ணி எண்ணி எனக்குக் கண் பூத்திருந்தது. அவர் முகத்தில் பெருநாள்.

"நைனா, சிலுவையம்மா வூட்ட முடிச்சுட்டேன். மூணாயிரம்!"

ராயபுரத்தில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. முன்னால் பழைய ஓட்டு வீடு, பின்னால் காலி மனை, முழுதாக ஒரு கிரவுண்டு. ஆறு வீடு கட்டலாம். ஐயாயிரத்துக்குக் குறைந்து யாரும் தரமாட்டார்கள். அந்த அம்மாள் ஏமாளியும் இல்லை, ஹார்பரில் வின்ச் ஓட்டிய புருஷன் போனபின் பத்து வருடமாகத் தனியாகச் சமாளிப்பவர்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"உள்ளத சொன்னேன். பங்குக்குதான் வாங்குறோம், கஸ்பாரு கீறாரு, அவரே எல்லாம் பாத்துக்குவாருன்னேன். அவ்ளோதான், அந்தம்மா அழுதுட்ச்சு."

விலை பேசும்போது யாராவது அழுவார்களா? கேட்டால், "எல்லாம் வாய்ல கீது நைனா" என்கிறார். என்னைக் கேட்காமல் நூறு ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். 13ஆம் தேதி ரிஜிஸ்தர். கூட்டாளி என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்?

ஆகஸ்ட் 5, ஞாயிறு

பத்திரம் பார்க்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

சிலுவையம்மாள் காப்பி கொடுத்தார். பத்திரத்தை என் கையில் கொடுக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"பங்குக்குன்னு சொன்னதும் மனசு ஆறிப்போச்சு கஸ்பாரு. இல்லாங்காட்டி மூணாயிரத்துக்குக் குடுப்பேனா? பொட்டப் புள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வரணும்னு அவரு சொல்லிகினே கெடந்தாரு. எத்தினி ரூம்பு கட்டுவீங்க? சாமியாராண்ட நீ சொல்லாத. திருநாளன்னிக்கு நானே சொல்றேன்."

பங்கு! எங்கள் கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் கோயில். பங்குச் சாமியார், பங்குத் திருநாள், பங்கு மக்கள். பாய்க்குப் பங்கு என்றால் கூட்டு, ஆளுக்கு ஒரு பாகம். அந்த மனுஷர் பொய்யே சொல்லவில்லை! என் பெயரை வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறார், ஞாயிறுதோறும் கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன் பெயரை. பாயைக் கோயில் அனுப்பிய தரகர் என்றே அந்த அம்மாள் நினைத்திருக்கிறார்.

நான் என்ன செய்தேன்? காப்பியைக் குடித்தேன். பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று சொன்னேன். வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

மேஸ்திரியிடம் மட்டும் சொன்னேன். "ரிஜிஸ்தர் ஆவட்டும் சார், அப்பால பாத்துக்கலாம். நாம இன்னா பொய்யா சொன்னோம்?" என்றார். தெருவென்றும் பார்க்காமல் அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அத்தனை கோபம்.

ஆகஸ்ட் 8

மனைவி ஃப்ளோரன்ஸிடம் குழம்பில் உப்பு என்று கத்தினேன். நேற்றுத் தெருவில் நான் போட்ட சத்தம் அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அவள் குழம்பைப் பற்றிப் பேசவில்லை. "ரிஜிஸ்தர் முடிஞ்சு, அடுத்த ஞாயித்துக்கெயமை தட்ட எடுத்துகினு அந்தம்மா முன்னாடி எப்டி நிப்பீங்க?" என்றாள்.

இவளுக்கு என்ன தெரியும், இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். எனக்கு இரண்டு வருடச் சம்பளம்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

பகலுக்கு மேல் லீவு சொல்லிவிட்டு, ஜும்மா முடிந்த நேரம் வண்ணாரப்பேட்டைத் தோல் மண்டிக்குப் போய் பாயிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப அந்தம்மா அழுதது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் எழுந்தார். செருப்பை மாட்டினார். "வா, போலாம்."

"ஞாயிற்றுக்கிழமை..."

"இப்ப வா நைனா."

இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு வராதவர் டிராமுக்குக்கூட நிற்கவில்லை, நடந்தே இழுத்துப்போனார். அவரே சொன்னார், கொச்சையாக, முன்னும் பின்னுமாக. "பங்குன்னா கோயில்னு எனுக்குத் தெரியாதும்மா. நாங்க மூணு பேரு கூட்டு, வாடகைக்கு வுடறதுக்கு. அதான் பங்கு."

சிலுவையம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். உள்ளே போய், துணியில் முடிந்து வைத்திருந்த நூறு ரூபாயை எடுத்துவந்து பாய் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவரு தெரியாம சொன்னாரு. நீ தெரிஞ்சுகினு அஞ்சு நாளு இன்னா பண்ணே?"

என்ன பண்ணினேன்? எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

தட்டை நீட்டினேன். அவர் கை முந்தானையை விட்டு வெளியே வரவில்லை. பூசை முடிந்ததும் போய், தம் காசைத் தாமே உண்டியலில் போட்டார். பார்க்காதவர்கள் யாருமில்லை. எனக்கு உள்ளே புகுந்துகொள்ள ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

சிலுவையம்மாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பாயையும் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். மாலை நாலு மணிக்கு வரச் சொன்னால் பாய் ஐந்தரைக்கு வந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தது என் தப்பு.

"எடத்த விக்கல. எடம் என்னுது, கட்டறது நீங்க. ஒங்க பங்குல எனுக்கு எத்தினி?"

ரூபாயில் நாலணா, அதாவது கால் பாகம் தரலாம் என்றேன். எட்டணா என்றார் அவர். இதற்குள் யாரையோ கேட்டுக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். "குடுத்துரு நைனா" என்றார் பாய், அவர் பணம் மட்டும் போவதுபோல! ஆறணாவில் முடிந்தது. முன்வீட்டில் இருக்கிறவரை அவரே இருப்பார், வாடகையும் அவரே வசூலிப்பார்.

"எனுக்கப்பால என் ஆறணா இந்தப் பங்குலேர்ந்து அந்தப் பங்குக்குப் போவட்டும். அதையும் எய்தி வைங்க" என்றார்.

எல்லாம் பாயைப் பார்த்தே சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

1952 மார்ச் 4

செங்கல் வண்டி வந்தால் சிலுவையம்மாள் நின்று எண்ணுகிறார். மேஸ்திரி என்னிடம் அழுகிறார். நான் யாரிடம் அழுவது?

ஜூன் 22, ஞாயிறு

ஆறு வீட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. தாழ்ப்பாளெல்லாம் உள்பக்கமே இருக்கிறது, சிலுவையம்மாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டார். கோயிலில் அதே கதைதான். என் தட்டில் ஒரு தம்பிடி கிடையாது, நேராக உண்டியல்.

நவம்பர் 8, சனி

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரம் ஒரு வீடு. அடைக்கலமேரி என்ற அம்மாளுடையது, நம் கோயில்காரர்தான். நால்வரும் போனோம். வழக்கம்போல வாயைத் திறந்தவர் பாய்.

"பங்குக்குதாம்மா வாங்குறோம்..."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பதினைந்து மாதமாகியும் இந்த மனுஷர் வாய் மாறவில்லை! அடைக்கலமேரி முகம் மலர்ந்துவிட்டது. சிலுவையம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோயில் பங்கு இல்லம்மா" என்றேன் நான். "எங்க நாலு பேர் கூட்டு. வாடகைக்கு விடத்தான் வாங்குறோம்."

மலர்ந்த முகம் சுருங்கியது. நின்ற இடத்திலேயே விலை இருநூறு ஏறியது. திரும்பும் வழியெல்லாம் மேஸ்திரி முணுமுணுத்தார். நான் பாயை வண்ணாரப்பேட்டை வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசையில் வழக்கம்போல வரிசையாகத் தட்டை நீட்டிக்கொண்டு போனேன். சிலுவையம்மாள் முன்னால் நிற்காமல் தாண்டத்தான் பழகியிருக்கிறேன். இன்று அவர் தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினார்.

ஓரணா போட்டார்.