ஏழாம் தாங்கியின் கையளவு

மல்கிரேவ்
14 ஜூன், ஞாயிறு

அன்புள்ள மருமகன் பிரஷாந்தனுக்கு,

பென்டில் ஹில்லில் உன்ர மனிசி லக்சிகாவின்ர தமையன் வீட்டில் நீங்கள் ரெண்டு பேரும் சுகமாய் இருப்பியள் எண்டு நம்பிறன். நாலு தரம் போன் எடுத்தனான், நீ எடுக்கேல்லை. அதுதான் பேனையைத் தூக்கினன். போனில் எண்டால் நான் கதையை வேற பக்கம் கொண்டுபோயிடுவன் எண்டு மாமியும் சொல்லுறா.

இங்கே ஜூன் மாசக் குளிர் சொல்லி வேலையில்லை. காலமை கார்க் கண்ணாடியில் ஐஸ் நாலு அங்குலம். மாமி, நகத்தால் சுரண்டலாம் எண்டுறா. அவ எப்பவும் குறைச்சுத்தான் அளப்பா.

உன்ர விசயத்துக்கு வாறன். ஏழாம் நம்பர் எண்ணெய்த் தாங்கியில் மட்டம் பார்க்கிற ராடருக்கு நீ புதுப் புரோகிராம் ஏத்தின அடுத்த நாள், எண்ணெய் மேல்மட்டத்துக்கு வந்து அபாய மணி அடிச்சது. அதுக்கு எண்ணெய் அனுப்பிற, கடலுக்குள் இருக்கிற கிணறுகளை ஆறு மணித்தியாலம் மூட வேண்டி வந்தது. ராடர் நாற்பது சென்ரிமீற்றர் குறைச்சுக் காட்டியிருக்கு. நீதான் கெடுத்தாய் எண்டு உன்னை வேலையால் நிப்பாட்டி வைச்சிருக்கினம். உன்ர விசாவும் அவையின்ர கையில். வியாழக்கிழமை விசாரணை. எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். அடுத்த வசனம் எழுதப் பஞ்சியாய் இருக்கு, அதுதான் திருப்பி எழுதிறன்.

அந்தக் கொம்பனிக்குள் உன்னைச் சேர்த்தது ஆர்? பெரிய மனேஜர் என்ர தோளில் கைபோட்டு, சச்சியின்ர ஆள் எண்டால் கேள்வியில்லை எண்டவர். சரி, தோளில் கை போடேல்லை. ஈமெயில்தான் போட்டவர்.

பத்தொன்பது வருசமாய் அந்தத் தாங்கிகளை அளக்கிறன். இருநூறு படி ஏறி, குண்டு கட்டின நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் நனைச்ச இடத்தைப் பார்த்து எழுதிற வேலை. ராடர் வந்த பிறகும் கையளவை விடேல்லை. மெசின் பொய் சொன்னால் பிடிக்க ஒரு மனிசன் வேணுமாம். அந்த மனிசன் நான்.

ராடர் முன்னமே பிழையாய் இருந்திருக்கும், நான் புரோகிராம் மட்டும்தான் ஏத்தினனான் எண்டு நீ சொன்னாய். ஒருத்தரும் நம்பேல்லை. ஏனெண்டால் நான் அளவு எழுதிற கொப்பியில் அதுக்கு முந்தின ஒன்பது நாளும் கையளவும் ராடரும் ஒத்திருந்தது. உனக்கு எதிராய் இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கொப்பிதான்.

புதன்கிழமை ஹரிப்பிரியா எண்ட எஞ்சினியர் பிள்ளை, சென்னைக்காரி, கொப்பியோடு வந்தாள். அங்கிள், ஒன்பது நாளா உங்க கையும் மெஷினும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறலையே, எப்படி எண்டு கேட்டாள். என்ர கையைப் பார்த்துத்தானே மெசின் பழகினது எண்டன். அவள் சிரிக்கேல்லை. மனுஷங்க அளந்தா ஒண்ணு ரெண்டு மாறும் அங்கிள், மத்த டேங்க்ல எல்லாம் உங்களுக்கும் மாறுதே எண்டாள்.

தேத்தண்ணி போட எண்டு எழும்பிப் போயிட்டன்.

பிரஷாந்தன், நான் ஏறேல்லை. மே மாசத்திலிருந்து முழங்கால் மடங்க மாட்டன் எண்டு நிக்குது. ஏழாவதுதான் எல்லாத்திலும் உயரம். அதுக்கு மட்டும் கீழே இருந்து, திரையில் இருந்த இலக்கத்தைப் பார்த்து கொப்பியில் போட்டனான். முழங்கால் நோவுது எண்டு சொன்னால் வீட்டை அனுப்பிப்போடுவினம் எண்ட பயம். ஒன்பது நாளில் ஒரு நாள் ஏறியிருந்தால் அந்த நாற்பது சென்ரிமீற்றர் என்ர நாடாவில் தெரிஞ்சிருக்கும். உன்னை நிப்பாட்டின அண்டைக்கே எனக்கு விளங்கினது. ஒரு கிழமை வாய் திறக்கேல்லை. உன்ர அம்மா போன் எடுத்து, அண்ணை நீங்கள் இருக்கேக்க எனக்கென்ன பயம் எண்டா. அதுக்கும் ஓம் எண்டனான்.

வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து வைச்சு, ஹரிப்பிரியாவிட்டைக் குடுத்திட்டன். வேலையிடத்துக்குள் போற வாசல் கார்ட்டை என்னட்டை இருந்து வாங்கிப்போட்டினம். இங்கே ஆக்களுக்கு, கொம்பனி என்னைக் கட்டாயப்படுத்தி லீவில் அனுப்பியிருக்கு எண்டு சொல்லியிருக்கிறன். அதை மட்டும் நீ மாத்திச் சொல்லாதை.

கார்ட்டை வாங்க முதல் நாள், போன வியாழக்கிழமை, ஒருக்கால் ஏழாவதில் ஏறினனான். ராடரைத் திருத்திப் பூட்டியிருந்தினம். அதுக்கும் எனக்கும் மூண்டு மில்லிமீற்றர் வித்தியாசம். அப்பிடியே எழுதினன்.

நீ புதன்கிழமை பிளேனில் வா. எயார்போட்டுக்கு நான் வாறன். கதைக்க விருப்பமில்லாட்டில் பேசாமல் இரு, ரேடியோவைப் போட்டுவிடுறன். விசாரணை முடிய த பேசின் எண்ட இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போவம். உன்ர பேரில் அர்ச்சனைக்கு மாமி சொல்லி வைச்சிருக்கிறா. அந்தப் பிள்ளையார் உன்னையும் லக்சிகாவையும் இந்த நாட்டில் நிலைக்க வைக்கட்டும்.

போனை ஒருக்கால் எடு, ராசா.

இப்படிக்கு,
உன் மாமா
சச்சிதானந்தன்

பி.கு: இருநூறு படி எண்டு மேலே எழுதியிருக்கிறன். வியாழக்கிழமை நிண்டு நிண்டு ஏறேக்க எண்ணினனான். எழுபத்திரண்டு.