இடப்பக்கம் உன் இடம்

அக்கா, பக்கத்து வீட்டில் மருதாணி அரைக்கிறார்கள். வாசம் அடுப்படி வரை வந்துவிட்டது. நீ மருதாணி வைத்துக்கொள்கிற நாள்தான் எனக்கு ஓய்வு. கை காய்கிறவரை உன்னால் பேச முடியாது. நானும் உன் பேச்சை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எந்நாளும் ஓய்வுதான். ஆனாலும் அசதி தீரவில்லை.

ஊரார் உன்னை ஊமை என்றார்கள். நீ கையாலேயே பேசித் தீர்க்கும் வாயாடி என்பது எனக்குத்தானே தெரியும். மீசையை முறுக்கிக் காட்டி, வலப்பக்கம் காற்றில் ஓர் இடத்தைத் தொடுவாய். பேச்சு முடிகிறவரை அப்பா அங்கேதான் இருப்பார். அங்கிருந்து உன் பக்கம் கை வந்தால் அப்பா தந்தார். உன்னிடமிருந்து அங்கே போனால் நீ அப்பாவுக்குத் தந்தாய். கையசைவு ஒன்றுதான், போகும் திசைதான் வேறு. நடுவில் யாராவது அந்த இடத்தின் குறுக்கே நடந்தால் முறைப்பாய், அப்பாவையே மிதித்துவிட்டதுபோல.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருடம், அரிமளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நம்முடையது அம்மா இல்லாத வீடு. மாப்பிள்ளையின் தாய் கேட்டார், "மூத்தவள எங்கிட்டு விடப்போறீங்க?"

"பொன்னமராவதியில என் தம்பி வீட்டுல இருந்துக்கிருவா," என்றார் அப்பா.

சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நீ எலும்பும் தோலுமாகத் திரும்பியவள். அப்பா சொன்னதை உனக்குக் கையால் சொன்னேன். என்னையும் மாப்பிள்ளையையும் உன் இடப்பக்கம், கிட்டத்தில் வைத்தாய். சித்தப்பாவை வலப்பக்கம், கை எட்டும் கடைசியில் வைத்தாய். பிறகு உன் நெஞ்சைத் தொட்டுவிட்டு, கையை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாய். போகிறேன் என்றாய்.

பாதி வழியில் உன் கையைப் பிடித்தேன். இழுத்து வந்து இடப்பக்கம் வைத்தேன். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மாப்பிள்ளைதான் தலையைக் குனிந்தபடி சொன்னார், "அவங்களும் நம்ம வீட்டுக்கே வரட்டும்மா."

வந்தாய். தரையைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டாய். சில நாள் எனக்கு அலுத்துத்தான் போனது, அக்கா.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் விடவேயில்லை. ஒரு மாலை மூக்குத்தி போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினாய். அம்மா. அம்மாவைத் தலைக்கு மேலே ஓர் இடத்தில் வைத்தாய். பிறகு உன் நெஞ்சைத் தொட்டுவிட்டு, கையை மேலே கொண்டுபோனாய். பாதி வழியில் பிடித்தேன். இழுத்தேன். நீ வரவில்லை. இன்னொரு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டாய்.

இருந்தாலும் உன்னை நான் இடப்பக்கம்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் உன்னைப் பற்றிச் சொல்லும்போது என் கை அங்கேதான் போகிறது. அப்போது யாரும் அந்தப் பக்கம் குறுக்கே வருவதில்லை. என் வீட்டுக்காரர்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.