வழி கேட்கக் கூசியவன்

விளாங்குடி,
மதுரை.

என் அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை அழகுராஜாவும் பேரனும் நல்லபடியாக இருக்க அழகரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே ஒரு வாரமாக நல்ல மழை. நம் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம் இன்னும் மூடவில்லை. திண்டுக்கல் ரோட்டுக்குப் போவதென்றால் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முட்டிவலிதான் விட்டபாடில்லை. பேரன் குப்புற விழுந்த வீடியோவை அவள் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாள் என்று கணக்கே இல்லை.

போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். அவள் எழுந்து போனாலும் திரையில் உன் முகம் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது என் காதிலும் விழுந்தது. பேரனின் பிறந்தநாளுக்கு வரட்டுமா என்று அவள் கேட்டாள். "வேணாம்மா. ஒனக்கு ஒடம்புக்கு முடியாமப் போகும். எம் பிரசவத்துக்கே வர முடியாதவ, பொறந்தநாளுக்கு வந்து என்ன செய்யப் போற?" என்றாய். "சரித்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் படிக்கவில்லை.

ரோகிணி, அம்மா உன் பிரசவத்துக்கு வராமல் போனது அவள் உடம்பால் இல்லை. அவளுக்குப் பிரஷர் ஏறவில்லை. மயக்கம் வரவில்லை. எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை. நான் உன்னிடம் சொன்னது அத்தனையும் பொய்.

நாங்கள் கனடாவுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் செல்லூர் சேக் இஸ்மாயில் நம் வீட்டுக்கு வந்திருந்தான். வளைகுடாவில் பாதி ஆயுசைக் கழித்தவன், பல ஊர் ஏர்போர்ட் பார்த்தவன். எந்த ஊர் லேசு, எந்த ஊர் கஷ்டம் என்று வரிசையாகச் சொன்னான். "நம்ம மதுரையில உள்ள போனா எதுத்தாப்புல பிளேன் நிக்கும், வழி தப்பணும்னு நெனச்சாலும் தப்ப முடியாது. மெட்ராஸ்ல வாய் இருந்தாப் போதும். சிங்கப்பூர்ல தமிழ்லயே போர்டு இருக்கும். ஆனா நீ பிளேன் மாறப்போற எடம் அப்படி இல்ல மாப்ள. அது ஏர்போர்ட்டு இல்ல, ஒரு ஊரு. ரோகிணி டிக்கெட்டோட வீல்சேரும் கேட்டுப் போட்டுருக்குல்ல, பேசாம ஏறி உக்காந்துக்க. அது கால் முடியாதவங்களுக்கு மட்டும் இல்ல, பாஷை தெரியாதவங்களுக்கும்தான்" என்றான்.

நான் தலையை ஆட்டிக்கொண்டேன். மனதுக்குள் சிரித்தேன். வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்டக்டராக ஓடியவன் நான். மாட்டுத்தாவணியில் பஸ் தெரியாமல் முழிக்கிறவர்களை, "போர்டப் பாத்து ஏறத் தெரியாதா?" என்று எத்தனை தடவை வைதிருப்பேன். எனக்குப் போய் இவன் வழி சொல்கிறான் என்று இருந்தது.

எங்களை வழியனுப்ப நம் சனம் வேன் பிடித்து மதுரை ஏர்போர்ட்டுக்கு வந்ததுதான் உனக்குத் தெரியுமே. வாசலுக்கே இரண்டு வீல்சேர் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. உன் பெரியப்பா மகன் செல்வக்குமார், "என்ன சித்தப்பா, அதுக்குள்ள தள்ளுவண்டியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு முகம் சுட்டுவிட்டது. "எந்திரி, ஊரே பாக்குது" என்று அம்மாவை எழுப்பினேன். வண்டிகளைத் திருப்பி அனுப்பினேன். எங்களுக்கு இனி எங்கேயும் இது வேண்டாம் என்று கவுண்டரிலும் சொல்லிவிட்டேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எனக்குப் பின்னால் நடந்தாள்.

சென்னையில் கேட்டுக் கேட்டுப் போய்விட்டோம். அதில் என் தலைக்கனம் இன்னும் ஏறியது.

நடுவில் மாறவேண்டிய அந்த ஊரின் பெயரைச் சொல்லி அதன் மேல் பழி போட எனக்கு மனமில்லை. ஆயிரம் பேர் அங்கே அவரவர் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குத்தான் தலை சுற்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கடை, கண்ணாடி, வெளிச்சம். போர்டு இல்லாமல் இல்லை. போர்டுக்கு மேல் போர்டு. எண்ணும் எழுத்தும் கலந்து கிடந்தது. ஒரு அம்புக்குறி மேலே காட்டியது. அது நேரே போகவா, மாடி ஏறவா என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றாள் அம்மா. "எல்லாம் தெரியும், பேசாம வா" என்றேன்.

நம் பிளேன் நிற்கிற பக்கத்துக்குப் போக ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஒரு ரயில் ஓடுகிறது. ரயில் வந்து நின்றதும் நான் கூட்டத்தோடு ஏறினேன். வழக்கம்போல முன்னால் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. ரயில் கிளம்பியபிறகு, "பாத்தியா, எவன் தொணையும் இல்லாம வந்துட்டோம்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

கழன்ற செருப்பை மாட்டிக்கொள்ள அவள் ஓரமாக நின்றிருக்கிறாள். அவ்வளவுதான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அவள் அங்கே இல்லை. என்னைத் தேடி அவள் அடுத்த ரயிலில் ஏறிப் போயிருக்கிறாள். அவள் பாஸ்போர்ட் என் பையில். அவள் போனும் என் பையில். தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அப்படியும் இப்படியும் ரயிலில் அலைந்தேன். கடைசியில் ஒரு கவுண்டரில் போய் நின்றேன். வாயில் இங்கிலீஷ் வரவில்லை. "வைஃப், வைஃப்" என்றுதான் வந்தது.

அங்கே நின்ற ஒரு மலையாளத்து அம்மா எனக்காகப் பேசினாள். கவுண்டரில் இருந்த பெண் என்னவோ கேட்டது. "சேலை என்ன கலர்னு கேக்கறா" என்றாள் அந்த அம்மா. எனக்குத் தெரியவில்லை, ரோகிணி. விடிந்ததிலிருந்து கூடவே வந்தவள். உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த சேலை. "சேலைதான் கட்டிருக்கா" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கவுண்டர்ப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து மைக்கில் பெயரைப் படித்தது. அது வாயில் அந்தப் பெயர் வேறு எதுவோ ஆகிவிட்டது. மலையாளத்து அம்மா மன்றாடி மைக்கை என் பக்கம் திருப்ப வைத்தாள். நான் உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", இல்லையென்றால் "ரோகிணி அம்மா". அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், "ஒச்சம்மா, நாந்தேன். நிக்கிற எடத்துலயே நில்லு. யாராச்சும் வந்து கூட்டியாருவாக. பயப்படாத" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிளிப்பச்சைச் சேலை. அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பிளேனு போயிருச்சா?" என்று கேட்டாள். போய்விட்டிருந்தது.

இதுவரை நடந்தது என் தலைக்கனத்தால். இதை மட்டும் என்றால் சிரித்துக்கொண்டே போனில் சொல்லியிருப்பேன். இதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பிளேனில் இடம் இருக்கிறது, அதுவரை தங்க ரூம் தருகிறோம் என்றார்கள். மலையாளத்து அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தன் பிளேனுக்குப் போய்விட்டாள். அம்மா உடனே, "நாளைக்குப் போவோங்க. புள்ள ஒத்தையில கெடக்கும்" என்றாள். இன்னொரு நாள் அங்கே, பிறகு உங்கள் ஊரில் இறங்கி அதிகாரிகள் கேட்பதற்குப் பதில் சொல்லி, மாப்பிள்ளை முன்னால் போய் இந்தக் கதையோடு நிற்க வேண்டும். அதெல்லாம் என்னால் ஆகாது என்று பட்டது. நான் கவுண்டருக்குப் போய், "வைஃப் சிக். நோ டொராண்டோ. பேக் சென்னை" என்றேன். அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவளைக் கைகாட்டித்தான் சொன்னேன். உன்னிடம் போகத்தான் ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்து அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "வா" என்றேன். வந்தாள். உன்னிடம்தான் போகிறோம் என்று நினைத்து வந்தாள். பிளேன் ஏறப்போகிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பொம்பளை, "நீங்களும் மெட்ராஸாக்கா?" என்று கேட்டாள். "இல்லத்தா, நாங்க மகளப் பாக்கக் கனடா போறோம்" என்றாள் அம்மா. "இது மெட்ராஸ் பிளேனுக்கா" என்றாள் அவள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

சென்னையிலிருந்துதான் உனக்குப் போன் போட்டேன். பிரஷர், மயக்கம், டாக்டர் என்று நான் அளந்ததை அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். நீ அழுததும் போனை வாங்கி, "ஆமாத்தா, அம்மாளுக்கு முடியல" என்றாள். அடுத்த இரண்டாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பக்கத்தில் உன் சனம் என்று யாரும் இல்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். வருகிறவர்கள் எல்லாம், "ஒனக்குக் குடுத்து வைக்கலையே" என்று அவளிடம்தான் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் நானே கேட்டேன், ரோகிணியிடம் ஏன் நீ உண்மையைச் சொல்லவில்லை என்று. "சொல்லி? நாளப்பின்ன மருமகன் மொகத்துல நீங்க முழிக்க வேணாமா?" என்றாள்.

அவள் பாஸ்போர்ட்டை இப்போது என் பீரோவிலிருந்து எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலமானால் பக்கத்து வீட்டுச் சரண்யாதேவியிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தப் பெண் பெரிய பெரிய ஏர்போர்ட்டுகளின் வீடியோவைப் போனில் போட்டுக் காட்டுகிறது. எந்த ஊர் வழியாகப் போனால் லேசு, எங்கே நடை அதிகம் என்று அம்மா விசாரித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "நா மட்டும் தனியாப் போனா விடுவாகளா?" என்றாள் நேற்று. "மாமா வரலையா அத்தை?" என்றது அந்தப் பெண். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நான் எழுதியதை மாப்பிள்ளையிடம் காட்டு. என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அம்மாவைக் குறையாக நினைக்க வேண்டாம். அவளுக்கு மட்டும் டிக்கெட் போடு. எனக்குப் போடாதே. அவளாக என்னையும் வரச் சொன்னால் அப்போது பார்க்கலாம். சொல்லாவிட்டாலும் நான் இங்கே பொங்கித் தின்றுகொள்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். பேரன் நூறு வயசு இருக்கட்டும்.

அடுத்த தடவை போன் போடும்போது என்னைக் கேட்காதே. அம்மாவைக் கூப்பிடு. இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். "வாம்மா" என்று மட்டும் சொல். ஊர் திரும்பியதிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை, அன்றைக்கு அழுதாலும் அழுவாள். அவள் அழுது முடிக்கிறவரை போனை வைத்துவிடாதே, தாயி.

உன் அப்பா,
நல்லகாமன்.