குரல் நின்றால் நிறுத்து

மார்ச் 3, செவ்வாய்

முட்டையை உடைத்து ஊற்றினால் ஓட்டுத் துண்டும் சேர்ந்தே விழுகிறது. பொறுக்கி எடுக்கப் பொறுமை இல்லை. அப்படியே தின்றேன். வாயில் நறநறவென்று சத்தம். வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

என் மனைவி கீழ்வீட்டில் இருக்கிறாள், அவளுடைய அண்ணனிடம். மாடி எனக்கு, கீழ் மச்சானுக்கு. சேர்ந்து கட்டிய வீடு. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. கீழே யாராவது குழாயைத் திறந்தால் மேலே எனக்குத் தண்ணீர் மெலிந்துவிடும். அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன், இப்போது பாத்திரம் கழுவுகிறாள், இப்போது துணி அலசுகிறாள் என்று.

பேச ஆளில்லை. சுவரோடு பேசுவதற்கு இது மேல் என்று எழுதுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

அப்படி என்ன சொல்லிவிட்டேன்?

சிமெண்ட் ஆலையை மூடுவதா, ஓடவிடுவதா என்று ஊரே ஓட்டுப் போடப்போகிறது. என் பையன் அங்கே உலைப் பிரிவில் இருக்கிறான். நிரந்தர வேலை ஆகி முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மச்சானின் மகள், நாங்கள் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிறவள், அந்தத் தூசியில் மூச்சு வாங்கி வாங்கி இன்ஹேலரோடு பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டும் உண்மை. அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் நான் ‘ஆலை ஓடட்டும்’ என்று போர்டு மாட்டினேன். கீழ் ஜன்னலில் அவன் ‘ஆலையை மூடு’ என்று மாட்டினான். ஒரே வீட்டுக்கு இரண்டு போர்டு. தெருவில் போகிறவன் எல்லாம் சிரிக்கிறான்.

அன்றைக்கு எல்லோரும் மேலே ஒன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு முற்றியது. “பொண்ணோட இருமலைக் காட்டி ஓட்டு கேக்கறியா?” என்று கேட்டுவிட்டேன். குட்டி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மச்சான் எழுந்தான். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். என் மனைவி தன் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனாள். கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கழுவி வைத்துவிட்டுப் போனவளை என்ன செய்ய?

மார்ச் 9, திங்கள்

கொடுமை என்னவென்றால், வேலையிலும் நாங்கள்தான் ஜோடி. புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன், அவன் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறான். கண்ணுக்குத் தெரிந்தால் கையசைவு போதும். கட்டடத்தின் பின்பக்கம் பளு இறக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போது வாக்கிடாக்கி. அதில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. கீழே இருப்பவன் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: இறக்கு, இறக்கு, இறக்கு. குரல் நின்றால் நான் நிறுத்திவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. மேலே இருப்பவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

முன்பெல்லாம், “இறக்கு, இறக்கு, பொண்ணு பாக்க வந்த மாதிரி மெதுவா இறக்கு” என்பான். நான் மேலே தனியாகச் சிரிப்பேன். இப்போது வெறும் ‘இறக்கு’ மட்டும்.

நாள் முழுக்க என் காதில் விழும் ஒரே மனிதக் குரல், நான் பேசாமல் இருக்கிறவனுடைய குரல்.

மார்ச் 14, சனி

முடி வெட்டப் போனேன். ஆலை ஓடட்டும் என்பவர்கள் மஞ்சள் துணி கட்டிக்கொள்கிறார்கள், மூடு என்பவர்கள் வெள்ளை. கடைக்காரர் இரண்டையுமே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார். “எந்தப் பக்கம் வகிடு எடுக்கட்டும்னு கேக்கவே பயமா இருக்குங்க” என்றார். சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்ததால் எனக்கே அது யாரோ இருமுகிற மாதிரி கேட்டது.

மார்ச் 18, புதன்

பையன் வந்தான். ஆலைக் குடியிருப்பில் நண்பர்களோடு தங்கியிருக்கிறான். மாமா முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையாம். போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்த ஊர்ல எனக்குன்னு நீங்க ஒருத்தர்தாம்பா நிக்கறீங்க” என்றான். நெஞ்சு நிறைந்துவிட்டது. டீ போட்டேன். குடித்துவிட்டுக் கிளம்பினான். படியிறங்கும்போது அவன் அம்மா கதவோரம் நின்றிருப்பாள். செருப்புச் சத்தம் கொஞ்சம் நின்றது, பிறகு போய்விட்டது.

மார்ச் 22, ஞாயிறு

யாரும் வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

ஓட்டுச் சீட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்களாம். சுகாதார நிலைய டாக்டரும் ஆலைக் கணக்கரும் சேர்ந்து கேட்டு வாங்கியது. பழைய உலை இரண்டையும் மூடுவது, புது உலை இரண்டையும் வடிகட்டி போட்டு ஓட்டுவது, யாரையும் வேலையை விட்டு அனுப்பாமல் முறை வைத்து, குறைந்த சம்பளத்தில் எல்லோருக்கும் வேலை. ஊர் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டது: ரெண்டுங்கெட்டான். மஞ்சள் துணிக்காரனும் வெள்ளைத் துணிக்காரனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது இதுதான், அதைக் கேலி செய்தது.

நானும் கேலி செய்தேன். யாரிடம்? கண்ணாடியிடம்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பின்பக்கம் படிக்கட்டுக்கான குழி. படிக்கட்டைத் துண்டு துண்டாக வார்த்துக் கொண்டுவந்து உள்ளே இறக்குகிறோம். மேலிருந்து எனக்குக் கூரை மட்டும்தான் தெரியும். இறக்கு, இறக்கு என்று வந்துகொண்டிருந்தது. பாதிச் சொல்லில் நின்றது. நானும் நிறுத்தினேன்.

காத்திருந்தேன். ஒன்றுமில்லை. முதலில் எனக்கு வந்தது பயமா? இல்லை. ஆத்திரம். ஆரம்பிச்சுட்டான், வேலையிலயும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க ஆரம்பிச்சுட்டான், என்னைத் தொங்கவிட்டு வேடிக்கை பாக்கறான்! முன்பக்கம் நின்ற மேஸ்திரி தன் வாக்கிடாக்கியில் கத்தினார். “என்னய்யா, தூங்கறியா? ஒரு சாண்தான் பாக்கி, எறக்கு!” அவருக்கும் அங்கிருந்து எதுவும் தெரியாது. இருந்தாலும் கத்தினார். என் கை லீவர் மேல்தான் இருந்தது. இருந்த ஆத்திரத்துக்கு இறக்கியிருப்பேன். ஏன் இறக்கவில்லை? நான் நல்லவன் என்பதாலா? அதெல்லாம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக அந்தக் குரல் நின்றால் இந்தக் கை நிற்கும். அவ்வளவுதான்.

பிறகு கரகரவென்று ஒரு சத்தம். “தூ... க்கு.” யாரோ அவன் வாயருகே வாக்கிடாக்கியைப் பிடித்திருக்கிறார்கள். “மெதுவா... தூக்கு.” தூக்கினேன்.

படிக்கட்டுத் துண்டு காற்றில் திரும்பி அவனைச் சுவரோடு சேர்த்து நெரித்திருக்கிறது. வாக்கிடாக்கி தெறித்து விழுந்துவிட்டது. கத்துவதற்கு மூச்சே இல்லை. இன்னும் ஒரு சாண் இறக்கியிருந்தால் அவன் இல்லை.

“நிறுத்துனியா மச்சான்?” என்று கேட்டான். பளு பத்திரமாகத் தரைக்கு வந்த பிறகு.

“நிறுத்திட்டேன்டா. நிறுத்திட்டேன்.” அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

கேபினிலிருந்து இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். அதற்குள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போக?

ஏப்ரல் 6, திங்கள்

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விலா எலும்பில் விரிசல், நெஞ்சைச் சுற்றிக் கட்டு.

மாலையில் அவள் மேலே வந்தாள். உட்காரவில்லை. அடுப்பு மேடையைப் பார்த்தாள், முட்டை ஓட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வந்து பாக்க மாட்டீங்களா?”

“அவன் கூப்பிடட்டும்.”

“மூச்சு விட்டாலே வலிக்குது அவருக்கு. எப்படிக் கூப்பிடுவாரு? உங்க வீம்புல இடி விழ.” இறங்கிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாடி விளிம்புக்குப் போனேன். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்தான். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டி மெல்லச் சுற்றினான்.

இறக்கு.

சிக்னல் கொடுத்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இறங்கினேன்.

“குட்டி விஷயத்துல நான் பேசுனது தப்பு மச்சான்” என்றேன்.

“தப்புதான்” என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு அவனே, “உன் பையன் வேலை போனா போகட்டும்னு நான் கூட்டத்துல பேசுனேன். யாரோ கை தட்டுனாங்க. அதுவும் தப்பு.”

குட்டி நடுவில் வந்து, “மாமா, நீங்க முட்டை மட்டுமா சாப்பிடறீங்க?” என்றாள். தப்பு என்று அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

ஏப்ரல் 8, புதன்

நேற்றும் இன்றும் கீழே உட்கார்ந்து பேரம். சந்தைக்காரன் தோற்றான். பழைய உலைகள்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஊதுகின்றன, அவற்றை ஓடவிடவே முடியாது என்கிறான் அவன். பையனின் புது உலையைத் தொடக்கூடாது என்கிறேன் நான். வடிகட்டி போடும்வரை என்ன செய்வது? சம்பளம் குறைந்தால் எவ்வளவு குறையலாம்? அவன் வலியில் பாதியில் நிறுத்துவான், நான் காத்திருப்பேன். கடைசியில் பார்த்தால் நாங்கள் வந்து நின்ற இடம் அந்த ரெண்டுங்கெட்டான்தான்! இருவர் முகமும் மருந்து குடித்த மாதிரி ஆகிவிட்டது. அவள்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

போர்டை யார் முதலில் கழற்றுவது? அதற்கும் ஒரு சண்டை. அவனால் கையைத் தூக்க முடியாது. இரண்டையும் நானே கழற்றினேன்.

ஏப்ரல் 11, சனி

இரண்டு பக்கமும் கோபம். மச்சானின் கூட்டாளிகள் வாசலில் வந்து, “எவ்வளவு வாங்குன?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடிபட்ட ஆளிடம்.

பையன் வந்தான். உள்ளே வரவில்லை. வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“போர்டு எங்க?”

“கழட்டிட்டேன்பா. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. உன் உலை ஓடும்...”

“பாதிச் சம்பளத்துக்கு. மாமா அடிபட்டாருன்னதும் சாஞ்சுட்டீங்க.” சுவரிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினான். “அன்னைக்கு உங்களத்தான் என் ஆளுன்னு சொன்னேன்.”

அவன் அம்மா ஓடிவருவதற்குள் போய்விட்டான்.

நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு பக்கம் ஒட்டப் போய் இன்னொரு பக்கம் கிழிந்துவிட்டதே.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஓட்டு. வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். எனக்கு நோய் ஒன்றுமில்லை ஐயா, மூன்றாவது கட்டம்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

ரெண்டுங்கெட்டான் வென்றது, மயிரிழையில். தெருவில் ஒருவரும் பட்டாசு வெடிக்கவில்லை. கொண்டாட யாருக்கும் ஒன்றுமில்லை போல.

அவள் பெட்டியோடு மேலே வந்துவிட்டாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பையனுக்கு போன் போட்டால் எடுப்பதில்லை. எனக்கு மட்டுமில்லை, அவளுக்கும். அவள் வந்தும் வீடு நிறையவில்லை.

மே 6, புதன்

பழைய உலைகளை அணைத்துவிட்டார்கள். மச்சான் வேலைக்குத் திரும்பினான். “இறக்கு, இறக்கு, அடிபட்ட ஆளு நிக்கறேன், பாத்து இறக்கு” என்றான். மேலே தனியாகச் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

மாலையில் பையனுக்கு போன் போட்டேன். வழக்கம்போல் மணி அடித்து ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். எடுத்தான். ஹலோகூடச் சொல்லவில்லை. பின்னால் ஒரு மின்விசிறிச் சத்தம் மட்டும்.

வைத்துவிடலாமா என்று இருந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச ஆரம்பித்தேன். குழாயில் தண்ணீர் மெலிவதைப் பற்றி. நான் தின்ற முட்டை ஓட்டைப் பற்றி. முடிதிருத்துகிறவர் வகிடு பற்றிச் சொன்னது. குட்டி இன்று படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை என்பது. உன் சட்டை ஒன்று இங்கே கொடியில் கிடக்கிறது, உன் கோபம் நியாயம்தான், நீ வரவேண்டாம், சாப்பிட்டாயா. வாயில் வந்ததையெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. அவன் ஒரு ‘ம்’கூடக் கொட்டவில்லை.

“கேக்கறானா?” என்று அவள் சைகையில் கேட்டாள். தலையாட்டினேன். கிரேனில் மேலே தனியாக உட்கார்ந்திருப்பவன் பதில் சொல்லமாட்டான், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். எனக்குத் தெரியாதா?

என் குரல் கட்டிப்போகும்வரை அவன் போனை வைக்கவில்லை.