கன்னிமூலைக் கல்லும் கேஸ் ஃப்ரிட்ஜும்

மே 2, வெள்ளி

காலையிலேயே வெக்கை. பால் திரிந்துவிட்டது, மறுபடியும். ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டால் துணி அலமாரிக்குள் விட்ட மாதிரி இருக்கிறது.

பழைய வீட்டை இடித்தாயிற்று. புது வீடு எழும்பும் வரை சைட்டிலேயே அண்ணனுடைய ட்ரெய்லரில் குடித்தனம். காரில் மாட்டி ஊர் ஊராகச் சுற்றப்போகிறேன் என்று ஆசை ஆசையாகச் செய்து, அமராவதி அணை வரை ஒரே ஒரு தடவை இழுத்துப் போன வண்டி. கரண்ட் கிடையாது. ஈ.பி. ஆபீஸில் எப்போது கேட்டாலும் அடுத்த வாரம். ஃப்ரிட்ஜ் சிலிண்டர் கேஸில் ஓடுகிறது. பின்னால் ஒரு சின்ன நெருப்பு எரிந்தால் உள்ளே குளிருமாம். வந்த புதிதில் ஐஸே கட்டியது, பொய் சொல்லக் கூடாது.

பால் போனால் போகட்டும். கதவுத் தட்டில் சிந்துவின் இன்சுலின். பதிமூன்று வயதில் தினமும் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை. இன்றைக்குச் சுகர் 312. நான் அளந்து போடுவதைத்தான் சாப்பிடுகிறாள். பயமாக இருக்கிறது.

மெக்கானிக் வந்தார். பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸரே இல்லீங்களேக்கா, இதுல நான் எதைப் பாக்கறது" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

வாங்க: பால் பவுடர், கொய்யாக்காய், கொசுவத்தி.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். தகர டப்பாவுக்குள் வேகிறோம்.

கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர் வந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற பர்னரில் பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வருவது. சாம்பாரிலேயே கிடக்கிறது, பர்னரில் இருக்காதா. ஊதித் துடைத்ததும் மஞ்சளாக எரிந்தது நீலமாகிவிட்டது. சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் வரை பார்த்தேன். பின்னால் நல்ல சூடு, உள்ளே குளிர்ச்சி இல்லை.

தோசை இன்றைக்கும் ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் அப்பளம். கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்த மூலைக்கடியில் ஒரு ஹாலோ பிளாக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து மாவு சட்டியில் நிற்க மாட்டேன் என்கிறது. சக்கரம் வைத்த வண்டிக்கு வாஸ்து. சிந்து அப்பாவிடம் சொல்ல முடியுமா.

சுகர் 340. இவர் சிந்துவின் ஸ்கூல் பையைக் கொட்டிப் பார்த்தார். இரண்டு மிட்டாய். சுகர் இறங்கினால் வாயில் போட டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னது. அதை மறந்தே போய்ப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"நான் எதும் திங்கலீங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். ராத்திரி சாப்பிடவில்லை.

மே 5, திங்கள்

டாக்டர். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சூட்டில் கெட்டுப்போயிருக்கிறது. இத்தனை நாள் பிள்ளையைத் தண்ணீரைக் குத்திக்கொள்ள விட்டிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் தூங்கினாள். எனக்கு அழுகை நிற்கவில்லை.

புது பாட்டில் இப்போதைக்கு ஈர மண்பானைக்குள். எத்தனை நாள் தாங்கும்?

ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். என்ன பாஷையோ. கீழே மூன்று படம்: நெருப்பு, ஃபேன் மாதிரி ஒன்று, ஒரு குழாய்க்குள் நடுவில் குமிழி. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்து, வெளியே பார்த்தால் கொத்தனார் சுவர் மேல் அதையேதான் வைத்துக்கொண்டிருக்கிறார். ரசமட்டம்.

வாங்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாகக் கன்னிமூலைப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

மே 6, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். வண்டி சாய்ந்தால் இந்த ஃப்ரிட்ஜ் வேலை செய்யாது, கல்லை எடுக்க வேண்டும். காது கேட்காத மாதிரி பேப்பர் படித்தார். பிறகு, "கல்லு வச்ச மறுநாள்தான் சாம்பிள் ஓகே ஆச்சு. ஆர்டர் கைக்கு வரட்டும்" என்றார்.

டாலர் விழுந்ததிலிருந்து மனிதர் தூங்குவதில்லை. இவருடைய பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்டில் பாதி மிஷின் சும்மா. தெரியும். பாவமாகவும் இருக்கிறது.

இவர் யூனிட்டுக்குப் போனதும் கொத்தனாரை வைத்து ஜாக்கி போட்டுக் கல்லை உருவினேன். குமிழி நடுவில் நின்றது.

மே 7, புதன்

ஐஸ்! சிந்து ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகர் 170. மருந்து மறுபடி கதவுத் தட்டில்.

துணி: தையற்காரரிடம் இரண்டு ஜாக்கெட்.

மத்தியானம் தையல் கடையிலிருந்து வந்தால் கிண்ணத்துத் தண்ணீர் ஒரு ஓரமாக நிற்கிறது. குனிந்து பார்த்தேன். கல் பழைய இடத்தில். சாப்பிட வந்தவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மருந்தை எடுத்துப் பானைக்குள் வைத்தேன். மூடியை டொம்மென்று வைத்தேன். கோபமா, என்னவோ.

மே 8, வியாழன்

காலையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, உங்க ஆர்டருக்கு நான் மொட்டை வேணும்னாலும் போட்டுக்கறனுங்க. எம்புள்ளைய அந்தக் கல்லு மேல வைக்க மாட்டனுங்க. நீங்களே எடுக்கறீங்களா, நான் இவளைக் கூட்டிட்டு அண்ணன் ஊட்டுக்குப் போகட்டுங்களா."

சிந்து பானையிலிருந்து மருந்தை எடுத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். எப்போதும் அவர் அந்த நேரம் எழுந்து வெளியே போய்விடுவார். இன்றைக்குப் போகவில்லை.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். ஜாக்கி சத்தம். கல்லைத் தூக்கிப்போய் மணல் குவியலுக்குப் பின்னால் போட்டார். "சரி கண்ணு" என்று மட்டும் சிந்துவிடம் சொன்னார். அந்த மிட்டாய் இரண்டையும் அவள் பையில் அவரே திரும்பப் போட்டார்.

மே 9, வெள்ளி

சுகர் 142. ஃப்ரிட்ஜ் தண்ணீரில் பல் கூசுகிறது. கேஸ் புக் பண்ண.

மத்தியானம் யூனிட்டிலிருந்து இவர் சீக்கிரமே வந்துவிட்டார். ஆர்டர் கான்சல். மெயிலில் ரெண்டு வரி எழுதியிருக்கிறார்களாம்.

கல்லால்தான் என்று சொல்லவில்லை. கல்லால் இல்லை என்றும் சொல்லவில்லை. மணல் குவியல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டேன், பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். சிந்து ஐஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைக் குடித்தார்.

விளக்கு வைத்த பிறகு டார்ச் எடுத்துப் போய் வண்டிக்கடியில் பார்த்தேன். கல் இல்லை.

காலையில் எழுந்ததும் மறுபடி குனிந்து பார்க்க வேண்டும்.