நகர்ந்த புள்ளி

பிப்ரவரி 6
இன்றும் படங்கள் வர மதியமாகிவிட்டது. முன்பெல்லாம் காலைக் காபி ஆறுவதற்குள் வந்துவிடும்.

எனக்குப் பல் பார்க்கும் டாக்டரின் கிளினிக் மாடியில் தொலைநோக்கி இருக்கிறது. இரவில் அது தானாகவே தூரத்துக் கேலக்ஸிகளைப் படம் பிடிக்கும். அவர் அனுப்புவார், நான் பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். புதிதாக ஒரு புள்ளி முளைத்திருந்தால், எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கலாம். சூப்பர்நோவா. பல வருடத் தேடல். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. முதலில் பார்ப்பவர் பெயரில் பதிவு, அதுதான் எங்களுக்குள் பேச்சு.

ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன?

பிப்ரவரி 9
மேகம். படம் இல்லை.

பிப்ரவரி 13
சர்வதேச இணையப் பதிவேட்டில் டாக்டரின் பெயர்! எங்கள் கேலக்ஸிகளில் ஒன்றில் சூப்பர்நோவா. காலையிலேயே பதிவு செய்திருக்கிறார். அந்தப் படம் எனக்கு வந்ததோ சாப்பாட்டு நேரத்தில்.

போன் செய்தார். "டீச்சர், மாட்டிடுச்சு! சொத்தை மாதிரி ஓரமா ஒளிஞ்சிட்டு இருந்துச்சு." ஒரே சிரிப்பு. வாழ்த்து சொன்னேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

அப்படியானால் இத்தனை நாள் தாமதம் இதற்குத்தானா? நெல்மணியை அவர் எடுத்துக்கொண்டு பதரை எனக்கு அனுப்புகிறாரா?

தங்கையிடம் சொன்னேன். "அக்கா, பரீட்சை ஹால்லயே நின்னு நின்னு உனக்கு யாரைப் பார்த்தாலும் பிட்டு அடிக்கிற மாதிரியே தெரியுது" என்றாள். இவளிடம் போய்ச் சொன்னேனே.

பிப்ரவரி 16
சந்தேகம்தான் இந்த வேலையின் முதல் பாடம். டாக்டருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தெருவை நேற்றும் இன்றும் படம் எடுக்கிறோம். இன்றைய படத்தில் புதிதாக ஒரு வெளிச்சம். புதுத் தெருவிளக்கா, கடந்துபோகிற வண்டியின் விளக்கா? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் தெரியும்: வண்டி நகர்ந்திருக்கும், விளக்கு நகராது. வானத்தில் அந்த வண்டிதான் சிறுகோள். எந்தச் சிறுகோள் எப்போது எங்கே இருக்கும் என்று இணையத்தில் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

புள்ளியைச் சோதிக்க வழி இருக்கிறது. மனிதரை?

பிப்ரவரி 20
இருக்கிறது.

இன்றைய படத்தில் ஒரு கேலக்ஸியின் ஓரம் புதுப் புள்ளி. இணையத்தில் பார்த்தேன்: சிறுகோள். வழக்கமாக அங்கேயே விட்டுவிடுவேன். இன்று டாக்டருக்கு எழுதினேன்: "இதில் புதிதாக ஒன்று தெரிகிறது. பாருங்கள்." அவ்வளவுதான். பொய் இல்லை. பாதி உண்மை.

நேர்மையானவர் என்றால் சோதித்துவிட்டு "இது சிறுகோள் டீச்சர்" என்பார். பேராசைக்காரர் என்றால் அவசரமாகத் தன் பெயரில் பதிவார். இரண்டில் ஒன்று.

பிப்ரவரி 21
பதிந்துவிட்டார்.

என் பெயரில்.

கீழே யார் யாரோ எழுதியிருக்கிறார்கள், இது சிறுகோள், அடிப்படைச் சோதனைகூடச் செய்யவில்லையா என்று. அதற்கும் டாக்டர் பதில் போட்டிருக்கிறார்: "தவறு என்னுடையது. டீச்சர் பார்க்கச் சொன்னார், நான் அவசரப்பட்டேன்."

மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிப்ரவரி 22
கிளினிக் முடிந்ததும் நேராக வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். உங்க பேரைக் கெடுத்துட்டேன். கொஞ்ச நாளா ஒரு ஆசையில நானே முதல்ல உக்காந்து பார்த்துட்டுதான் அனுப்பினேன், போன தடவை கிடைச்சிடுச்சு. அதுலேர்ந்து மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. இதாவது உங்க பேர்ல வரட்டுமேன்னு... நீங்க பார்த்ததை நான் வேற பார்க்கணுமான்னு விட்டுட்டேன்."

பிறகு மெதுவாக, "ஆனா நீங்க சிறுகோளான்னு பார்க்காம விடமாட்டீங்களே டீச்சர்?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணில் சரியாகப் படவில்லை, வயசாகிவிட்டது, எதையாவது. "பார்த்தேன்" என்றேன்.

வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

தங்கை காபியோடு வந்தபோது படியிறங்கிவிட்டிருந்தார். "என்னக்கா, பிட்டு கிடைச்சுதா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 26
படங்கள் விடிவதற்குள் வந்துவிடுகின்றன. எடுத்ததும் அனுப்பும்படி இயந்திரத்துக்கே சொல்லிவிட்டார் போல. போன் செய்தால் வரவேற்பில் இருக்கும் பெண் எடுக்கிறாள். "டாக்டர் பேஷன்ட்டோட இருக்காருங்க."

மார்ச் 17
ஒரு புள்ளி. மிக மங்கல்.

சிறுகோள் இல்லை. கேமராவின் கோளாறும் இல்லை. இன்னொரு படம் வேண்டும் என்று எழுதினேன். நாளை வரை காத்திருக்க வேண்டும்.

மார்ச் 18
நகரவில்லை.

இரண்டு பேர் பெயரையும் போட்டுப் பதிந்தேன். சாயங்காலம் ஒரே வரியில் பதில் வந்தது: தன் பெயரை எடுத்துவிடும்படி.

மார்ச் 29
பெரிய தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். சூப்பர்நோவாதான். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் மனிதரே இல்லை. பெயர் என்னுடையது மட்டும். தங்கை அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 4
இரண்டு நாளாகக் கடைவாயில் வலி. பஸ் பிடித்து வேறொரு டாக்டரிடம் போனேன். சின்ன வயது. ஊசி போட்டுவிட்டு விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டம்மா காட்டினீங்க? இந்தப் பழைய அடைப்பு ரொம்ப சுத்தமான வேலை. இப்படி யாரும் பண்றதில்ல."

வாய் மரத்துப்போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.