பொக்கட் இல்லாத களிசான்

28.1.2007, ஞாயிறு

என் எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகிறது. சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சில கீழே விழுந்து கிடக்கிறது. இதை நாளைக்கு வாசிக்கப் போகிறவனும் நான்தான். அந்த மனிதனிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுபத்தொரு வயதில் எழுதப் பழகினால் வேறு எப்படி இருக்கும்? மேல் மாடி ஹமீமா டீச்சர்தான் அ, ஆ என்று தொடங்கிச் சொல்லித் தந்தார். "இனி ஞாயிறுதோறும் கிழமைக்கு ஒருக்கா நீங்களே எழுதுங்க ஐயா. நான் பிழை பார்க்க மாட்டேன்" என்றார். பார்த்தால் அழுதுவிடுவார்.

வீட்டுச் செய்தி: மருமகன் யோகநாதன் இரண்டு சைக்கிள் வாங்கியிருக்கிறார். ஒன்று தனக்கு, ஒன்று என் மகள் கனகேஸ்வரிக்கு. அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அதை அவர் கேட்கவில்லை.

4.2.2007

மருமகன் வங்கியில் பெரிய ஆள். அங்கே ஒரு சஞ்சிகையில் வெள்ளைக்காரனும் பெண்சாதியும் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிள் ஓடும் படத்தைப் பார்த்துவிட்டார். ஆறு பக்கத்தில் ஓடினால் மனம் இலேசாகுமாம், வயிறும் குறையுமாம். வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து, அதன் கூரையில் சைக்கிளைக் கட்டி, பேராதனைப் பக்கம் மகாவலிக் கரைக்குப் போவது, இரவு தங்குவது, மறுநாள் இன்னும் மேலே போவது. நாட்டில் சண்டை நடப்பதை அந்தச் சஞ்சிகையில் போடவில்லைப் போலிருக்கிறது.

எனக்கும் ஓர் ஆசை. கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் முப்பது வருடம் புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கினேன். சைக்கிளும் ஓடினேன், ஆனால் எப்போதும் பின்னால் வெங்காய மூட்டையோ சீனி மூட்டையோ இருந்தது. பாரமில்லாமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, சும்மா ஒரு தடவை ஓட வேண்டும்.

கேட்டேன்.

"மாமா, நீங்கள் வானுக்குள்ள இருந்து சாமானைப் பாருங்கோ. விழுந்தா ஆர் தூக்கிறது?"

"ஓம் அப்பா, இருங்கோ" என்றாள் மகளும். கலியாணத்துக்குப் பிறகு அவளுடைய பேச்சும் மருமகனைப் போல யாழ்ப்பாணம்தான்.

11.2.2007

இன்று ஒத்திகை. மருமகன் தொடையோடு முடியும் கறுப்புக் கட்டைக் களிசான் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தோலோடு ஒட்டிய சாமான். குந்தி இருக்கிற இடத்தில் மட்டும் மெத்தை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொக்கட் இல்லையே, ஐடென்டிகார்ட்டை எங்க வைப்பீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"ஆத்தங்கரையில ஆர் கேக்கப் போறான்? நான் சிங்களம் கதைச்சா என்னை ஆரும் தமிழன் எண்டு சொல்லமாட்டினம்."

என்னுடைய அட்டை எப்போதும் இடுப்பில் கட்டும் சாரத்து மடியில். கக்கூசுக்குப் போனாலும்.

16.2.2007

நாளைக்குப் பயணம். மகள் எனக்கு ஒரு தொப்பி வாங்கியிருக்கிறாள். வானுக்குள் இருக்கத் தொப்பி எதற்கு?

18.2.2007

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

போகும் வழியில் கடைப் பலகை, ஊர்ப் பலகை எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுக்க ஊமையாக நின்ற பலகைகள். ஒரு ஆமிச் சோதனைச் சாவடி வந்தது. "மாமா, இவடத்தில தமிழ்ப் பலகை வாசிக்காதேங்கோ" என்றார் மருமகன். பிறகு மனத்துக்குள் வாசித்தேன்.

ஆற்றங்கரையில் இறங்கி, ஹெல்மெட் போட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, கைத்தொலைபேசியைக் கழுத்தில் தொங்கவிட்டு, மருமகன் தனியாகப் போனார். நாங்கள் வானில். மகள் இடியப்பப் பார்சலைப் பிரிக்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது, மருமகன்தான். அங்கால ரயில் பாலத்தடியில் ஆமி மறித்துவிட்டதாம், அட்டை கேட்கிறார்களாம். அட்டை வானில், நீளக் களிசானின் பொக்கட்டில்.

அந்தக் கரைப் பாதையில் வான் போகாது. டிரைவர் ஹெக்டர் நல்ல மனிதன், ஆனால் வானை விட்டு நகரமாட்டான். டிரைவர் இல்லாத வானைக் கண்டால் குண்டு என்று நினைத்துவிடுவார்கள் என்றான். மகள் அழத் தொடங்கினாள். நான் மருமகனின் அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு, கூரையில் இருந்த மற்றச் சைக்கிளை இறக்கச் சொன்னேன்.

தொலைபேசியை வாங்கிப் பேசினேன். "அவசரமில்ல மாமா, மெதுவா வாங்கோ" என்றார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மெதுவாகப் போனேன். பொம்பிளைச் சைக்கிள், சாரத்துக்கு வசதி. ஆறு பக்கத்திலேயே வந்தது. மூங்கில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரோ கல்லில் துணி அடித்தார்கள். பின்னால் மூட்டை இல்லை. ஒரு பலகை: "இங்கு குளிப்பது ஆபத்தானது." இறங்கி நின்று இரண்டு தடவை வாசித்தேன். நல்ல வெயிலில், நல்ல காற்றில், மருமகன் பொக்கட் இல்லாமல் நிற்கிறார் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. நிற்கட்டுமே என்றுகூட—

பாலத்தடியில் அவர் நிற்கவில்லை. முழங்காலில் இருந்தார். கை இரண்டும் தலைக்குப் பின்னால். சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். சைக்கிளின் ஆசனத்தைப் பிடுங்கி, குழாய்க்குள் டோர்ச் அடித்து ஒரு ஆமிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட் தூரத்தில், யாரும் தொடாமல்.

நான் எவ்வளவு நேரம் பலகை வாசித்தேன்?

இரண்டு அட்டையையும் மடியிலிருந்து எடுத்தேன். புறக்கோட்டைச் சிங்களத்தில் சொன்னேன்: மகளின் புருசன், வங்கியில் வேலை, அந்தக் களிசானில் பொக்கட் இல்லை. கதிரையில் இருந்த ஆமிக்காரன் எழும்பி மருமகனின் இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சீயா, கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போ" என்று, சிங்களத்தில் தாத்தா முறை சொல்லி, ஒரு கொப்பியை நீட்டினான். மை தேடினான், கைநாட்டுக்கு. வேண்டாம் என்று பேனையைக் கேட்டேன்.

இராசரத்தினம். எவ்வளவு நீளமான பெயர். அப்பா யோசிக்காமல் வைத்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கோட்டைத் தாண்டிப் போனது. ஆமிக்காரன் பொறுத்துக்கொண்டு நின்றான். மருமகன், வழியில் நான் பலகை வாசித்தாலே பொறுக்காதவர், என் பேனை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொடை நடுங்குவது அந்தக் களிசானில் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"கனகத்துக்கு முழங்காலில இருந்ததைச் சொல்லாதேங்கோ மாமா."

"எதை?" என்றேன்.

இரவு தங்கவில்லை. நேரே வெள்ளவத்தை வீடு.

19.2.2007

மருமகன் வேலைக்குப் போகவில்லை. கேட்டால் வயிற்றுப்போக்கு என்று சொல்ல வேண்டுமாம்.

25.2.2007, ஞாயிறு

கிழமை முழுக்க மருமகனின் சைக்கிளில் குளித்துத் துடைத்த துவாய் காய்ந்தது. வங்கியில் கேட்டவர்களுக்கு மகாவலிக் கரை அருமையான இடம் என்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, அருமையான இடம்தான்.

நேற்றுப் பின்னேரம் நீளக் களிசான் போட்டுக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றார்.

"கால்வாய்க் கரையால பாமன்கடை மட்டும் போயிட்டு வருவமே?"

"விழுந்தா ஆர் தூக்கிறது?" என்றேன்.

"அதுக்குத்தானே நானும் வாறன்."

யாரை யார் தூக்குவது என்பது வேறு கதை. படியில் இறங்கும்போது தன் அட்டையை எடுத்து நீட்டினார். களிசானில் நான்கு பொக்கட் இருக்கிறது, நானே எண்ணினேன். வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முன்னால் என்னைப் போகச் சொன்னார். கால்வாய் நாறியது. ஆனாலும் தண்ணீர்தானே. பாலத்துக்குக் கிட்டப் போனபோது பின்னால் அவர் மூச்சு நெருங்கி வந்தது. பாலத்தில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் நிமிர்ந்து பார்த்தான், தொப்பி போட்ட கிழவன் என்று விட்டுவிட்டான். அங்கே இருந்த கடைப் பலகையைச் சத்தமாகவே வாசித்தேன். இந்தத் தடவை மருமகன் தடுக்கவில்லை.

அடுத்த கிழமை களனி ஆற்றங்கரையாம். இரண்டு அட்டையும் வீடு வந்து சேர்ந்தால், அன்றைக்கு இரவே எழுதுகிறேன்.